நெல்லின் பரம்பரை ஏடும் அதன் பாடபேதங்களும்

பழந்தமிழ் நூல்கள் ஏட்டுச்சுவடியினின்றும் அச்சேறிய வரலாற்றை அறிந்தோர்க்கு 1887ஆம் ஆண்டு மறக்கற்பாலதன்று. அவ்வாண்டிலேதான் சிறுப்பிட்டி தந்த சி. வை. தாமோதரம்பிள்ளையவர்கள் கலித்தொகையையும், உ. வே. சாமிநாதையரவர்கள் சீவகசிந்தாமணியையும் பதிப்பித்து வெளியிட்டனர். அத்தகைய பதிப்பாசிரியர்கள் ஏடு தேடி அலைந்த பாடு பெரிது. ஓர் ஏட்டிலே செல்லரித்துப் போன இடம் மற்றோர் ஏட்டிலே விளங்கும். ஒரு பிரதியில் இல்லாத செய்யுள் வேறொரு பிரதியிற் கிடைக்கும். ஆதலின், கிடைத்த பிரதிகளையெல்லாம் ஒப்புநோக்கிப் பாடபேதங்களை ஆராயாதவர், ஒரு நூலை முற்றக் கண்டோம் என்று கூறுதல் ஒல்லாது.

நாம் ஈண்டு எழுதப் புகுந்தது இலக்கியம் பற்றியதன்று, விஞ்ஞானம் பற்றியது. நாள்தோறும் நாம் உண்ணும் நெல்லினுள்ளே இயற்கை எழுதி வைத்திருக்கும் ஏடொன்றைப் பற்றியது. அவ்வேட்டை எழுத்தெழுத்தாகப் படித்து முடித்த செய்தி 2005ஆம் ஆண்டில் உலகுக்கு அறிவிக்கப்பட்டது. அதனைப் படித்த விதமும், படித்த பின்னர் வெளிப்பட்ட ஒரு குறையும், அக்குறையை நிறைத்தற்கு எளிய உழவர் பேணி வந்த விதைநெல் உதவிய திறமும், எமது கல்லூரியின் பழைய மாணவரும் இன்றைய மாணவரும் ஒருங்கே அறியற்பாலன. ஏனெனில், அவ்வரலாற்றில் எம் நாட்டு நெல்லுக்கும் பங்குண்டு. எம் மக்களுக்கு ஒரு கடமையும் உண்டு.

1. ஏடும் எழுத்தும்

உயிர்ப்பொருள் யாவும் கலங்களால் ஆயவை என்பதும், கலத்தினுள்ளே கருவும், கருவினுள்ளே நிறமூர்த்தங்களும் உள என்பதும் மாணவர் யாவரும் அறிந்ததே. நெல்லின் கலமொன்றில் 12 சோடி நிறமூர்த்தங்கள் உள்ளன. ஒவ்வொரு நிறமூர்த்தத்திலும் டீ.என்.ஏ. என்னும் நெடிய மூலக்கூறு ஒன்று சுருண்டு கிடக்கின்றது. அம்மூலக்கூறு முறுக்கேணி போன்ற வடிவினது என்பதை 1953ஆம் ஆண்டில் உவாற்சன், கிரிக்கு என்னும் இருவர் வெளியிட்டனர். அவ்வேணியின் படிகள் அடினைன், தைமின், குவானைன், சைற்றோசின் என்னும் நான்கு மூலங்களால் ஆனவை. அடினைன் தைமினோடும், குவானைன் சைற்றோசினோடும் மாத்திரமே இணையும்.

இந்நான்கு மூலங்களையும் நான்கு எழுத்துகளாகக் கொள்ளின், டீ.என்.ஏ. முழுவதும் ஒரு நீண்ட எழுத்து வரிசையாகும். அவ்வரிசையிற் பொருள் தரும் தொடர்கள் ஆங்காங்கே உள்ளன. ஒரு குறித்த புரதத்தை ஆக்குதற்குரிய கட்டளையைக் கொண்ட அத்தகைய தொடரையே பரம்பரையலகு என்கிறோம். நெல் குட்டையாக வளர்வதும் நெட்டையாக வளர்வதும், சிவந்த அரிசி தருவதும் வெள்ளரிசி தருவதும் இவ்வலகுகளின் வேறுபாட்டாலேயே. பரம்பரையலகுகளும், அவற்றினிடையே கிடக்கும் ஏனைய எழுத்துகளும் ஆகிய அனைத்தையும் சேர்த்து ஜீனோம் என்பர். அதனையே நாம் இக்கட்டுரையிற் பரம்பரை ஏடு என்று வழங்குகின்றோம்.

நெல்லின் பரம்பரை ஏட்டில் ஏறத்தாழ 389 மில்லியன் எழுத்துகள் உள. ஒரு பக்கத்துக்கு 2,000 எழுத்துகளாக, ஒரு தொகுதிக்கு 500 பக்கங்களாக இவற்றை அச்சிடின் 389 தொகுதிகள் ஆகும். எமது கல்லூரி நூலகத்தில் எத்தனையோ அலுமாரிகளை அவை அடைத்துக்கொள்ளும். ஒரு நெல்மணியின் முளையிலுள்ள ஒவ்வொரு சிறு கலமும் இத்தனை தொகுதிகளையும் தன்னகத்தே அடக்கி வைத்திருக்கின்றது என எண்ணும்போது வியப்பு மேலிடுகின்றதன்றோ?

2. படிக்கும் முறை

இவ்வெழுத்துகளைப் படிப்பதற்கு ஏற்றதொரு முறையை 1977ஆம் ஆண்டில் வெளியிட்டவர் பிரித்தானிய விஞ்ஞானி பிரெடரிக்கு சாங்கர் ஆவர். புரதத்தின் அமைப்பை ஆராய்ந்தமைக்காக 1958இலும், இம்முறைக்காக 1980இலும், இரசாயனத்துக்குரிய நோபெல் பரிசை அவர் இருமுறை பெற்றார். அவர் முறையின் சாரம் வருமாறு. படிக்க வேண்டிய துண்டைப் பார்த்து நொதியமொன்று பிரதி செய்து கொண்டு போகும். அப்போது, ஒரு குறித்த எழுத்து வரும் இடங்களிற் பிரதி செய்தலை நிறுத்திவிடும் இரசாயனப் பொருளொன்றைச் சிறிதளவு கலந்துவிடுவர். ஆகவே, அவ்வெழுத்து வரும் இடந்தோறும் முடிவடைந்த, வெவ்வேறு நீளமுள்ள பிரதிகள் கிடைக்கும். இவ்வாறே ஏனை மூன்றெழுத்துகளுக்கும் செய்து, எல்லாப் பிரதிகளையும் மின்னோட்டத்தால் நீளவாரியாகப் பிரித்தால், எந்த இடத்தில் எந்த எழுத்து உள்ளதென்பதை வரிசையாகப் படித்துவிடலாம்.

இம்முறையால் ஒரே தடவையிற் படிக்கக்கூடியன ஏறத்தாழ 500 முதல் 800 எழுத்துகளே. நெல்லின் ஏட்டிலோ 389 மில்லியன் எழுத்துகள்! எனவே, ஏட்டின் பல பிரதிகளைச் சிறு துண்டுகளாக்கி, அவற்றைத் தனித்தனியே படித்து, ஒரு துண்டின் முடிவும் மற்றொரு துண்டின் தொடக்கமும் ஒத்திருக்கும் இடங்களைக் கண்டு பொருத்த வேண்டும்.

இங்கேதான் பெரிய இடர் ஒன்று எழுகின்றது. பதிகம் ஒன்றின் பாடல்தோறும் ஈற்றடி ஒன்றாகவே வருதலை நாம் அறிவோம். அப்பதிகம் எழுதிய ஓலையைத் துண்டுதுண்டாக நறுக்கிவிட்டு ஒருவனிடம் கொடுத்து, மீண்டும் ஒழுங்குபடுத்துக என்றால், ஈற்றடி மாத்திரம் உள்ள துண்டை எந்தப் பாடலோடு சேர்ப்பது என்று அவன் மயங்குவான். தாவரங்களின் ஏட்டிலே இத்தகைய மீளவரும் தொடர்கள் மிகப் பல. நெல்லின் ஏட்டிற் குறைந்தது 35 சதவீதம், இடம்விட்டு இடம் பெயரவும் தம்மைத்தாமே பெருக்கிக்கொள்ளவும் வல்ல தொடர்களேயாம். இத்தகைய தொடர்கள் உளவென்பதைச் சோளப்பயிரில் முதன்முதற் கண்டவர் பாபரா மக்ளின்றொக் என்னும் அமெரிக்க அம்மையார். 1940களில் அவர் கண்ட உண்மைக்கு 1983இலேதான் நோபெல் பரிசு கிடைத்தது.

இவ்விடரைக் கடத்தற்கு நெல்லாராய்ச்சியாளர் கைக்கொண்ட வழி பொறுமையானது. முதலில் ஏட்டினை ஒன்றரை இலட்சம் எழுத்தளவினதாகிய பெருந்துண்டுகளாக்கி, அவற்றைப் பற்றீரியாக்களினுள்ளே புகுத்திப் பெருக்கினர். எந்தப் பெருந்துண்டு எந்த நிறமூர்த்தத்தின் எந்தப் பகுதியைச் சார்ந்தது என்று முன்கூட்டியே படம் வரைந்துகொண்டனர். அதன்பின்னரே ஒவ்வொரு பெருந்துண்டையும் சிறுதுண்டாக்கிப் படித்தனர். நறுக்குவதற்கு முன்னர் ஓலைகளுக்கு இலக்கமிட்டு வைப்பது போன்றதே இது. இவ்வாறு மூவாயிரத்துக்கு மேற்பட்ட பெருந்துண்டுகள் படிக்கப்பட்டன.

3. பத்து நாடுகளின் கூட்டுமுயற்சி

தாவரங்களுள் முதன்முதற் படிக்கப்பட்டது நெல் அன்று. கடுகின் இனத்தைச் சார்ந்த, உணவுக்குதவாத அராபிடொப்சிசு என்னும் சிறுபூண்டின் ஏடே 2000ஆம் ஆண்டு டிசம்பரில் முதலில் வெளிவந்தது. பயிர்களுள் முதலிடம் நெல்லுக்குக் கிடைத்தமைக்குக் காரணம் இரண்டு. மனித இனத்தின் பாதியளவினர்க்கு அதுவே தலையாய உணவு என்பது ஒன்று. தானியப் பயிர்களுள் அதன் ஏடு சிறியது என்பது மற்றொன்று. சோளத்தின் ஏட்டில் ஏறத்தாழ 2,300 மில்லியன் எழுத்துகள் உள. அது 2009இற் படிக்கப்பட்டது. கோதுமையோ மூன்று புல்லினங்களின் ஏடுகள் ஒருங்கே கட்டப்பட்ட பெருஞ்சுவடி. மனிதனின் ஏட்டைப் போல் ஐந்து மடங்கு பெரியது. அதனைச் செவ்வையாகப் படித்து முடிக்க 2018ஆம் ஆண்டு வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. எனினும், இவை யாவும் புல்லினத்துச் சுற்றத்தார் ஆதலின், பரம்பரையலகுகளின் வரிசையொழுங்கு இவற்றிற் பெரிதும் ஒத்திருக்கின்றது. எனவே, நெல்லைப் படித்தது சோளத்தையும் கோதுமையையும் படிப்பதற்குக் கைவிளக்காயிற்று.

யப்பான் தேசம் 1991ஆம் ஆண்டிலேயே நெல்லின் பரம்பரை ஏட்டாராய்ச்சியைத் தொடங்கியிருந்தது. 1997இற் சிங்கப்பூரிற் கூடிய விஞ்ஞானிகள் சர்வதேசக் கூட்டுமுயற்சிக்கு வித்திட்டனர். அடுத்த ஆண்டு வேலை தொடங்கியது. யப்பான், அமெரிக்கா, சீனா, தாய்வான், கொரியா, இந்தியா, தாய்லாந்து, பிரான்சு, பிரேசில், பிரித்தானியா ஆகிய பத்தும் நிறமூர்த்தங்களைத் தம்முட் பங்கிட்டுக்கொண்டன. சீனா நான்காம் நிறமூர்த்தத்தையும், தாய்வான் ஐந்தாவதையும், பிரான்சு பன்னிரண்டாவதையும் ஏற்றன. இந்தியா அமெரிக்காவோடு சேர்ந்து பதினோராவதைப் படித்தது. பெரும்பகுதியைச் சுமந்தது யப்பானே. தக்குஜி சசாகி என்பார் அம்முயற்சிக்குத் தலைமை தாங்கினார். எல்லோரும் ஒரே நெல்லைப் படிக்க வேண்டும் என்று விதித்துக்கொண்டு, 'நிப்பொன்பாரே' என்னும் யப்பானிய நெல்லைத் தெரிந்தனர்.

அவர்கள் செய்துகொண்ட உடன்பாட்டின் மற்றொரு விதி குறிப்பிடத்தக்கது. படித்த பகுதிகளைக் காலந்தாழ்த்தாது பொதுவில் வைத்து, யாவரும் விலையின்றிப் பயன்கொள்ள விடவேண்டும் என்பதே அது. அக்காலத்திற் பெரிய கம்பனிகளும் இதே ஏட்டைப் படித்துக்கொண்டிருந்தன. மொன்சாந்தோ கம்பனி தான் படித்த முதற்படியை 2000ஆம் ஆண்டில் அறிவித்துக் கூட்டுமுயற்சிக்கு வழங்கியது. 2002ஆம் ஆண்டு ஏப்பிரிலில், சீன விஞ்ஞானிகள் இந்திக்கா வகை நெல்லொன்றின் முதற்படியையும், சின்செந்தா கம்பனியார் நிப்பொன்பாரேயின் முதற்படியையும் ஒரே சஞ்சிகையில் வெளியிட்டனர். கம்பனியின் எழுத்து வரிசையைப் பெறுதற்கு நிபந்தனைகள் விதிக்கப்பட்டமை விஞ்ஞானிகளிடையே பெருவாதத்தை எழுப்பியது. பின்னர் அதுவும் கூட்டுமுயற்சிக்கு உதவியது. இறுதியில், 2005ஆம் ஆண்டு ஆகத்தில், ஏட்டின் 95 சதவீதத்தைக் கொண்டதும், பத்தாயிரம் எழுத்துக்கு ஒரு பிழையேனும் இராததுமான செம்பதிப்பு வெளிவந்தது. அதில் 37,544 பரம்பரையலகுகள் கணக்கிடப்பட்டன. அப்பதிப்பு இன்றுவரை யாவர்க்கும் பொதுவுடைமை. பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்க்குத் திறந்திருக்கும் அவ்வேடு, எமது கல்லூரி மாணவனுக்கும் அவ்வாறே திறந்திருக்கின்றது.

4. ஏடு விளக்கிய ஒரு வரலாறு

ஏட்டைப் படித்ததனால் வந்த பயன் யாது என ஒருவர் வினவலாம். ஓர் உதாரணம் காட்டுவோம்.

1966ஆம் ஆண்டிற் பிலிப்பைன்சிலுள்ள சர்வதேச நெல்லாராய்ச்சி நிலையம் ஐ.ஆர். 8 என்னும் நெல்லை வெளியிட்டது. இந்தோனேசியாவின் 'பெத்தா' என்னும் நெட்டை நெல்லையும், தாய்வானின் 'டீ-ஜியோ-வூ-ஜென்' என்னும் குட்டை நெல்லையும் கலந்து பெற்றது அது. பழைய நெட்டை நெல்லுக்குப் பசளையை மிகுதியாக இட்டால், கதிர் கனத்துப் பயிர் சாய்ந்துவிடும். குட்டை நெல்லோ சாயாது நின்று பாரம் தாங்கும். பசுமைப் புரட்சி எனப்படும் பெருமாற்றத்துக்கு ஆசியாவிலே இக்குட்டைத்தன்மையே அடிப்படை. எம் நாட்டிற் பத்தலகொடை ஆராய்ச்சி நிலையம் வெளியிட்டு, 'பி.ஜி.' என்னும் எழுத்துகளோடு வழங்கும் நெல்லினங்களுட் பலவும் இக்குட்டைக் குலத்தினவே.

குட்டையாவதற்குக் காரணம் என்னவென்பது முப்பத்தாறு ஆண்டுகளாக விளங்காதிருந்தது. நெல்லின் ஏடு படிக்கப்பட்டு வருகையில், 2002ஆம் ஆண்டில் அது வெளியாயிற்று. முதலாம் நிறமூர்த்தத்தில், ஜிபரெலின் என்னும் வளர்ச்சி ஓமோனை ஆக்கும் நொதியத்துக்குரிய பரம்பரையலகு ஒன்று உண்டு. டீ-ஜியோ-வூ-ஜென் நெல்லில் அவ்வலகினின்றும் 383 எழுத்துகள் உதிர்ந்துபோயிருந்தன. ஆதலால் நொதியம் குறைந்தது, ஓமோன் குறைந்தது, தண்டு குறுகியது. 1926ஆம் ஆண்டிற் குரோசாவா என்னும் யப்பானிய விஞ்ஞானி, நெற்பயிர் அளவுகடந்து நெடிது வளர்ந்து நலியும் நோயொன்றை ஆராய்ந்து, பூஞ்சணமொன்று சுரக்கும் பொருளே அதற்குக் காரணம் என்று காட்டினார். அப்பொருளே ஜிபரெலின். அது மிகுந்தால் பயிர் ஓங்கிச் சாகும். அளவோடு குறைந்தால் ஊர் உண்ணும். 389 மில்லியன் எழுத்துகளுள் 383 எழுத்துகள் உதிர்ந்தமையால் கோடிக்கணக்கானோர் பசி தணிந்தது என்பது, ஏட்டைப் படித்ததனாலன்றி எவ்வாறு தெரிந்திருக்கும்?

5. ஏட்டில் இல்லாத செய்யுள்

இனி, நாம் தொடக்கத்திற் கூறிய குறைக்கு வருவோம்.

நெல் நீரை விரும்பும் பயிராயினும், முழுவதும் நீரில் மூழ்கிவிட்டால் ஏழெட்டு நாளிற் பெரும்பாலும் அழுகி மடியும். மூழ்கிய பயிரிலே எதிலீன் என்னும் வாயு தேங்கும். அதனாலே தூண்டப்பட்ட பயிர் நீர்மட்டத்துக்கு மேலே தலைநீட்ட முயன்று வேகமாக நெடுக்கும். அம்முயற்சியிலே தன் சேமிப்பான மாப்பொருள் முழுவதையும் செலவிட்டுவிடும். வெள்ளம் வடியும்போது நிமிர்ந்து நிற்க வலுவிருக்காது. ஆனால், இந்தியாவின் ஒடிசாப் பகுதியிலுள்ள உழவர்கள் வெள்ளத்தைத் தாங்கும் நெல்லொன்றை வழிவழியாக விதைத்து வந்தனர். அதனின்றும் தெரிந்தெடுக்கப்பட்டது எவ்.ஆர். 13 ஏ என்னும் இனம். அது மூழ்கினால் நெடுக்காது. மூச்சடக்கி உறங்குவது போல் வளர்ச்சியை நிறுத்திச் சேமிப்பைக் காத்துக்கொள்ளும். இரண்டு வாரம் கழிந்து நீர் வடிந்ததும் மீண்டும் தளிர்க்கும்.

இத்திறனைத் தரும் பரம்பரையலகு ஒன்பதாம் நிறமூர்த்தத்தில் இருப்பதை விஞ்ஞானிகள் முன்னரே அறிந்திருந்தனர். அவ்வலகைக் கெனொங் சூ, பமீலா றொனால்டு, டேவிட் மக்கில் ஆகியோரும் அவர்தம் கூட்டாளரும் இனங்கண்டு 2006ஆம் ஆண்டில் வெளியிட்டனர். 'சப் 1 ஏ' என்பது அதன் பெயர். அதனை நிப்பொன்பாரேயின் செம்பதிப்போடு ஒப்புநோக்கியபோது வெளிப்பட்ட உண்மை யாதெனின், அப்பதிப்பில் அவ்வலகு இல்லவே இல்லை என்பதாம்! பிழையாகவோ சிதைவாகவோ இருந்ததன்று, முற்றாகவே இல்லை. பத்து நாடுகள் கூடிப் பல்லாண்டு உழைத்துப் படித்த பெருநூலில், வெள்ளத்தினின்றும் நெல்லைக் காக்கும் செய்யுள் இல்லை. அது ஒடிசா உழவனின் விதைக்கூடையில் இருந்தது.

இது ஒருமுறை மாத்திரம் நேர்ந்ததன்று. பொசுபரசு குறைந்த வறிய நிலத்திலும் வேரை விரைந்து பரப்பி வளரும் ஆற்றல், இந்தியாவைச் சார்ந்த 'கசலத்' என்னும் பழைய நெல்லுக்கு உண்டு. அவ்வாற்றலுக்குரிய பரம்பரையலகு 2012இற் கண்டறியப்பட்டது. அதுவும் நிப்பொன்பாரேயின் ஏட்டில் இல்லை. பசளை தாராளமாகக் கிடைக்கும் வளமான வயலில் வளர்ந்த நெல்லுக்கு வறுமையைத் தாங்கும் வித்தை தெரியாமற் போயிற்று போலும்!

ஏடு படித்தமை வீணோ எனின், அன்று. சப் 1 ஏ அலகின் எழுத்து வரிசை தெரிந்தமையாலேதான், அதனைப் பிற நெல்லுக்குப் பிசகின்றிக் கொண்டுசெல்ல முடிந்தது. 'சுவர்ணா' என்பது இந்தியாவிற் பெருநிலப்பரப்பில் விளையும் நெல். அதனை வெள்ளம் தாங்கும் நெல்லோடு கலந்து, பிறந்த நாற்றுகளுள் எவற்றில் அவ்வலகு உண்டு என்பதை எழுத்தைக்கொண்டே அறிந்து தெரிந்தெடுத்து, மீண்டும் மீண்டும் சுவர்ணாவோடே கலந்தனர். சுவையும் விளைவும் மாறாது வெள்ளம் தாங்கும் திறன் மாத்திரம் சேர்ந்த 'சுவர்ணா சப் 1' 2009ஆம் ஆண்டில் இந்தியாவில் வெளியிடப்பட்டது. இது புறத்தேயிருந்து அலகைப் புகுத்திய செயலன்று. மகரந்தம் தூவிக் கலக்கும் பழைய முறையே. குருட்டுத்தனமாய்த் தேடியதை விளக்கேற்றித் தேடியதே வேறுபாடு. செம்பதிப்பும் வேண்டும், பாடபேதமும் வேண்டும் என்பதற்கு இதனினும் சிறந்த சான்று யாது?

6. இலங்கை நெல்லின் பங்கு

எம் நாட்டுப் பழைய நெல்லினங்கள் இவ்வரலாற்றிற் பின்வாங்கி நிற்கவில்லை. வெள்ளம் தாங்கும் இனங்களென உலக ஆராய்ச்சியாளர் கொண்டாடுவனவற்றுள் 'குர்க்கறுப்பன்', 'கொட ஹீனட்டி', 'தவளு' என்னும் இலங்கை நெல்லினங்களும் உள.

இவற்றினும் புகழ்பெற்றது 'ரத்து ஹீனட்டி'. சிவப்புச் சீனட்டி என நாம் அதனைத் தமிழிற் சொல்லலாம். கபிலநிறத் தத்தி என்னும் சிறுபூச்சி நெற்பயிரின் அடியிற் கூட்டமாய் மொய்த்துச் சாற்றை உறிஞ்சும். சில நாட்களில் வயலிடையே தீயிற் கருகியது போன்ற வட்டங்கள் தோன்றும். பசுமைப் புரட்சி பரவிய ஆசிய நாடுகளில் 1970களில் இப்பூச்சி பேரழிவு விளைத்தது. அதனை எதிர்த்து நின்ற நெல்லினங்களைத் தேடியவர்கள் ரத்து ஹீனட்டியைக் கண்டனர். அதன் எதிர்ப்புத்தன்மை அன்று தொட்டே புதிய இனங்களுக்குக் கலப்பால் ஊட்டப்பட்டது. ஆயினும் அதன் மூலம் எதுவென்பது 2015ஆம் ஆண்டிலேதான் தெளிவாயிற்று. நான்காம் நிறமூர்த்தத்தில் அடுத்தடுத்துக் கிடக்கும் மூன்று பரம்பரையலகுகள் ஒருங்கே காவல் செய்கின்றன என்று சீன விஞ்ஞானிகள் நிறுவினர். இலங்கையின் பெயரறியா உழவர் சிலர், இந்நெல்லிற் பூச்சி விழுவதில்லை என்று கண்டு, வேறாக எடுத்து வைத்த விதை, இன்று பல நாடுகளின் வயல்களுக்கு வேலியாக நிற்கின்றது.

உவர்நிலத்துச் செய்தியொன்றையும் இங்கே கூறுதல் பொருந்தும். ஏனெனில் குடாநாட்டின் கடனீரேரிகளை அடுத்த வயல்கள் உவரால் நலிதலை நாம் கண்கூடாகக் கண்டுள்ளோம். வங்காளத்தின் 'நோனா பொக்ரா' என்னும் பழைய நெல், சோடியம் இலைக்கு ஏறாதபடி தடுத்துக்கொள்ள வல்லது. அதற்குரிய பரம்பரையலகு ஒன்று 2005இற் கண்டறியப்பட்டது. உவர் பொறுக்கும் நெல்லாகக் கேரளத்துப் 'பொக்காளி'யும் நெல்லாராய்ச்சியிற் பெரிதும் பயன்பட்டுள்ளது.

ஓர் ஏடு போதாது என்பதை உணர்ந்த விஞ்ஞானிகள், 89 நாடுகளைச் சார்ந்த மூவாயிரம் நெல்லினங்களின் ஏடுகளைப் படித்து 2014இல் வெளியிட்டனர். அக்காலத்துள் படிக்கும் பொறிகள் மிக விரைவும் மலிவும் அடைந்துவிட்டன. அவ்வேடுகளை ஒப்புநோக்கிய ஆராய்ச்சி 2018இல் வெளிவந்தபோது, நிப்பொன்பாரேயின் பதிப்பிற் காணப்படாத பதினாயிரத்துக்கு மேற்பட்ட பரம்பரையலகுகள் வெளிப்பட்டன. பதினாயிரம் செய்யுள்கள்! அவற்றுள் மிகப் பலவற்றின் பொருள் இன்னும் உரைகாணப்படவில்லை.

7. எமது கடமை

சில காலத்தின் முன் நாம் எம் ஊர்ப் பக்கத்து முதிய கமக்காரர் ஒருவரைக் கண்டு, அவருடைய இளமைக் காலத்து நெல்லினங்களைப் பற்றி வினவினோம். மொட்டைக்கறுப்பனையும் பச்சைப்பெருமாளையும் அவர் உடனே கூறினார். அவற்றுக்குப் பின் வேறும் நான்கைந்து பெயர்களைச் சொன்னார், நாம் கேட்டறியாதவை. ஒன்று மழை பிந்தினாலும் பொறுக்குமாம். ஒன்று உவரடி வயலுக்கு ஏற்றதாம். ஒன்றின் கஞ்சியை நோயுற்றோர்க்குக் கொடுப்பராம். அவற்றின் விதை இப்போது எங்கே கிடைக்கும் என்று கேட்டோம். அவர் சற்று நேரம் வாளாவிருந்தார். பின்னர், "இடம்பெயர்ந்த வருசம் வீட்டை விட்டு வெளிக்கிடேக்கை பிள்ளையளைத் தூக்கினோம் தம்பி, விதைச்சாக்கைத் தூக்கேல்லை" என்றார். அதற்கு மறுமொழி எம்மிடம் இல்லை.

ஏட்டுச்சுவடிகள் அழிந்ததற்குச் செல்லும் நெருப்பும் நீரும் காரணம் என்பர். விதை அழிவதற்கு அவை வேண்டியதில்லை. சில போகம் விதையாது விட்டாற் போதும். ஓலை நூறாண்டு கிடந்தும் படிக்கப்படலாம். நெல்மணி வெறுஞ்சாக்கிற் கிடந்தால் சில ஆண்டுகளில் முளைதிறன் இழந்துவிடும். கன்னொறுவையிலுள்ள தாவர மரபுவள நிலையத்திலும், பிலிப்பைன்சு நிலையத்தின் விதைக் களஞ்சியத்திலும் எம் நாட்டு நெல்லினங்கள் பல குளிரறைகளிற் பேணப்படுகின்றன. அது பெரும் ஆறுதலே. ஆயினும், சேகரித்தவர் கைக்கு எட்டாது போன விதைகள் எத்தனை என்பதை யார் அறிவார்? மேலும், குளிரறையில் விதை இருக்குமேயன்றி, அவ்விதையைப் பற்றிய அறிவு இராது. எந்த மண்ணுக்கு உகந்தது, எந்நோய்க்கு அஞ்சாதது, எப்போது விதைப்பது என்பன உழவர் நெஞ்சிலேயே உள்ளன. எவ்.ஆர். 13 ஏ நெல்லின் ஏட்டிலே தேடு என்று விஞ்ஞானிக்கு வழிகாட்டியது, இது வெள்ளம் பொறுக்கும் என்ற உழவனின் சொல்லேயன்றோ?

ஆகவே எமது கல்லூரி மாணவர்க்கு ஒரு வேண்டுகோள் விடுப்போம். அவருள் உயிரியல் பயில்வோர் பலர். பல்கலைக்கழகம் சென்று இவ்வேடுகளைக் கணனியில் விரித்துப் படிக்க வல்லவர் அவர்களுள் தோன்றுவர் என்பதில் எமக்கு ஐயமில்லை. அதற்கு முன்னர், இவ்விடுமுறையிலேயே செய்யத்தக்க வேலை ஒன்றுண்டு. தத்தம் ஊரிலுள்ள முதியோரை அணுகி, அவர் அறிந்த நெல்லின் பெயர், நிறம், வயது, குணம், விதைத்த வயல் ஆகியவற்றைக் கேட்டு ஒரு கொப்பியில் எழுதுக. எவரிடமேனும் விதை ஒரு பிடியாயினும் இருந்தால், ஒரு பாத்தியிலேனும் விதைத்துப் பெருக்கி, ஒரு பகுதியை ஆராய்ச்சி நிலையத்தாரிடம் சேர்ப்பிக்குக. பழைய மாணவருள் கமத்தொழில் செய்வோரும், விவசாயப் பகுதியிற் கடமையாற்றுவோரும் பலர் உளர். அவர்கள் இம்முயற்சிக்குக் கைகொடுப்பின் கல்லூரியின் தோட்டத்திலேயே ஒரு சிறு விதைவயல் அமைத்தல் அரிதன்று.

நூறாண்டுக்கு மேலாக எம் முன்னோர் ஏடு தேடினர். அதனாலே தமிழ் பிழைத்தது. அவர்கள் தேடாது விட்ட ஏடுகள் எவை என்பது நமக்குத் தெரியாது, இனித் தெரியப்போவதுமில்லை. நெல்லின் ஏடுகள் சில இன்னும் எம் ஊர்ச் சாலைகளிலும் பெட்டகங்களிலும் கிடக்கக்கூடும். அவற்றைப் படிக்கும் வித்தையை உலகம் கற்றுவிட்டது. படிப்பதற்கு ஏடு எஞ்சியிருக்குமா என்பது எம் கையில் உள்ளது.